தஞ்சாவூரிலிருந்து கோடியக்கரைக்கு ஒரு சைலன்சர் தேடல்

தை மாதத்தில் காவிரி டெல்டாவைச் சுற்றிப் பார்க்க ஜீப்பைவிடத் தோதான வண்டி கிடையாது. பஸ் மெயின் ரோட்டை விட்டு இறங்காது. கார் இறங்கினால் அடிவயிறு இடிக்கும். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் பள்ளத்தில் முற்றிய சம்பாப் பயிர், நடுவில் மதகு பார்க்கும் லஸ்கர்கள் போய்வரும் லயன்கரை. அதில் நிதானமாகப் போக வேண்டுமானால் ஃபோர் வீல் டிரைவ் உள்ள பழைய ஜீப்தான் சரி. மாமாவிடம் ஒன்று இருக்கிறது. மஹிந்திரா எம்.எம். 540, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வாங்கியது. தஞ்சாவூரில் ஏறிக் கோடியக்கரையில் இறங்குவதாகத் திட்டம்.

ஒரே ஒரு சிக்கல். வண்டியின் சைலன்சர் போய்விட்டது. ஸ்டார்ட் செய்தால் தெருவே திரும்பிப் பார்க்கிறது.

"அதுக்கென்ன மாப்ள, போற வழியெல்லாம் பட்டறைதான். நாலு பேரைக் கேட்டுக்கிட்டே போவோம். எவன் சொல்றது நியாயமா படுதோ அங்க மாட்டிக்குவோம்" என்றார் மாமா.

பழைய ஜீப்புக்கு இப்படித்தான் செய்ய முடியும். புது வண்டியென்றால் பார்ட் நம்பர் சொல்லிப் பெட்டியோடு வாங்கிவிடலாம். ஜீப்பின் வரலாறு அதற்கு இடம் தருவதில்லை. வில்லிஸ் ஜீப்பைப் பாகங்களாக இறக்கிப் பம்பாயில் பூட்டத் தொடங்கிய மஹிந்திரா, பிறகு சி.ஜே. 3பி மாடலை நெடுங்காலம் செய்தது. அதன் பானெட் உயரமாக இருப்பதற்குக் காரணம் உள்ளே இருந்த எஃப்-ஹெட் பெட்ரோல் இன்ஜின். 1963-இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரோடு சேர்ந்து ட்ராக்டர் செய்ய இறங்கிய பிறகு, ட்ராக்டர் வழி வந்த டீசல் இன்ஜினும் ஜீப்புக்குள் புகுந்தது. 1985-இல் வந்த 540-க்குப் பிரான்சின் பீஜோவிடமிருந்து பெற்ற 2112 சிசி டீசல். அதற்குப் பின் ஊர் மெக்கானிக்குகள் மாற்றி மாற்றிப் பூட்டிய இன்ஜின்களுக்குக் கணக்கே இல்லை. வெளியே ஒரே முகம் கொண்ட இரண்டு ஜீப்புகளுக்கு மேனிஃபோல்டு இருக்கும் பக்கம்கூட ஒன்றாக இருக்காது. அதனால் ரெடிமேட் செட் வாங்கி அப்படியே மாட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால், வண்டிக்கு அடியில் ஒருமுறை படுத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

தஞ்சாவூரில் பெரிய கோயிலைக் கடந்து, 1934-இல் வெட்டி முடித்த புது ஆற்றுப் பக்கம் ஒரு பட்டறையில் நிறுத்தினோம். மேஸ்திரி சாக்கு விரித்து அடியில் போனார். சைலன்சரின் வயிற்றை ஸ்க்ரூ டிரைவரால் தட்டிக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் லேசாக அழுத்தினார். நுனி உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்ததும் டீ நிறத்தில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்தது, கூடவே துருத் தூளும் கரியும். மேல்தகடு பார்வைக்கு நன்றாகவே இருந்தது. அரித்தது உள்ளிருந்து.

டீசல் எரிகிற இடத்தில் தண்ணீர் எப்படி வந்தது? டீசலில் உள்ள ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து தண்ணீர் ஆகிறது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் புகையோடு போகும். நெடுந்தூரம் ஓடும் வண்டியில் பைப் முழுவதும் சூடேறி அந்த ஆவி வெளியே போய்விடும். வீட்டுக்கும் வயலுக்கும் மட்டும் போய்வரும் வண்டியில் பைப் சூடாவதற்குள் இன்ஜினை அணைத்துவிடுகிறோம். ஆவி உள்ளேயே தண்ணீராகப் படிந்து, கரியோடு கலந்து தகட்டைத் தின்கிறது. சைலன்சரின் தாழ்ந்த இடத்தில் மூன்று மில்லிமீட்டரில் ஒரு ஓட்டை போட்டுவிட்டால் தண்ணீர் வடிந்துவிடும். டெல்டாவில் வயல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு மேஸ்திரி சொன்ன முதல் பாடம் இது.

அடுத்த கடையில் இருந்த தம்பி, மினுமினுக்கும் ஒரு குழாயை எடுத்து நீட்டினார். "ஃப்ரீ ஃப்ளோ சார். மாட்டினா பவர் பிச்சுக்கிட்டுப் போகும்." மேஸ்திரி அதை வாங்கி ஒரு கண்ணால் உள்ளே பார்த்தார். மறுமுனையில் தெரு தெரிந்தது. ஓட்டை போட்ட குழாயைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு, அதற்கு மேல் ஒரு உறை, அவ்வளவுதான். "அறுபத்திரண்டு குதிரை இன்ஜின் இது. டர்போ கிடையாது. இதுக்கு எவ்வளவு அகலம் வேணும்? ஒண்ணே முக்கால் இஞ்ச் போதும், மிஞ்சினா ரெண்டு. ரெண்டரை போட்டா சத்தம்தான் ஏறும்" என்றார். நெளிவும் அடைப்பும் இல்லாமல் புகை போக வழி இருக்க வேண்டும் என்பது உண்மை. அடைபட்ட சைலன்சரில் இன்ஜின் திணறும், சூடேறும், கரும்புகை தள்ளும். அந்த அடைப்பு நீங்கினால் போன பலம் திரும்பி வரும். அதற்கு மேல் அகலப்படுத்துவதால் மெதுவாக ஓடும் பழைய டீசலுக்கு எதுவும் கூடுவதில்லை.

தம்பிக்கு நன்றி சொல்லிவிட்டுத் திருவையாற்று ரோட்டைப் பிடித்தோம். வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று பாலத்துக்குப் பாலம் ஆறு மாறுகிற ரோடு அது. தியாகராஜ ஆராதனை நெருங்கும் நாட்கள். கரையில் பந்தல் வேலை. அதைத் தாண்டிக் காவிரியை ஒட்டிக் கணபதி அக்ரகாரம், கபிஸ்தலம் வழியாகக் கும்பகோணம் போகும் ரோட்டில் போனோம். நடுநடுவே கரைமேல் ஏறி இறங்கி, ஒரு வாய்க்காலின் தரைப்பாலத்தருகே மாமா வண்டியை நிறுத்தினார்.

"ஐப்பசியில வந்து பாரு. இந்தப் பாலம் கண்ணுக்கே தெரியாது. அப்பவும் உரமூட்டை போகணும், ஆளு போகணும்."

தண்ணீரில் இறங்கும் வண்டி என்றதும் சைலன்சர் வாயைத் தூக்கி வைப்பதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். டெயில் பைப் வாய்க்கு மேல் ஒரு அடி தண்ணீர் நின்றாலும், ஓடுகிற இன்ஜினின் புகை அதைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிடும். ஆக்சிலேட்டரை விடாமல் ஒரே சீராகப் போனால் போதும். நடுத் தண்ணீரில் இன்ஜின் நின்றுவிட்டால்தான் தண்ணீர் பின்வழியாக ஏறும். அதைவிடப் பெரிய ஆபத்து முன்வழி. ஏர் ஃபில்டர் மூலம் தண்ணீர் சிலிண்டருக்குள் போய்விட்டால், தண்ணீரை அழுத்த முடியாததால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஆகவே தண்ணீருக்காகச் செலவு செய்வதென்றால் முதலில் காற்று இழுக்கும் வாயை உயர்த்த வேண்டும். நீண்ட தூரம் ஓடிவந்த கையோடு தண்ணீரில் இறக்கவும் கூடாது. கொதிக்கும் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விடும்.

தரைப்பாலத்தில் இன்னொன்றும் புரிந்தது. பஞ்சு அடைத்த சைலன்சர் சேற்றுத் தண்ணீரில் ஒருமுறை முங்கினால் பஞ்சு ஊறிப்போகும். காய்வதற்குப் பல நாள் ஆகும், அதற்குள் உறை துருப்பிடிக்கும். உள்ளே தகடு வைத்து அறை அறையாகப் பிரித்த பழைய வகையில் ஊற எதுவும் இல்லை. கடைத் தம்பி காட்டிய குழாய்க்கு எதிராக இது இரண்டாவது ஓட்டு.

ட்ராக்டரில் இருப்பதுபோல் குழாயை மேலே நிறுத்திவிடலாமே என்று கேட்டேன். மாமா தலைக்கு மேலிருந்த கேன்வாஸ் கூரையைத் தட்டிக் காட்டினார். பக்கத்தில் கொதிக்கும் குழாய் நின்றால் துணி பொசுங்கும். கரையோரப் புங்கமரக் கிளையும் தென்னை மட்டையும் அதில் மாட்டும். மழைக்கு மூடி வேண்டும். திறந்த ட்ராக்டருக்குச் சரிப்படுவது கூரை போட்ட ஜீப்புக்கு ஒத்துவராது.

கபிஸ்தலம் தாண்டி அறுவடை வயல்கள். பெல்ட் மெஷின் ஒன்று வயலுக்குள் ஊர்ந்துகொண்டிருந்தது. பின்னாலேயே வைக்கோலைச் சுருட்டிக் கட்டும் மெஷின். ரோட்டில் பாதி அகலத்துக்கு வைக்கோல் காய்ந்தது. அதன்மேல் ஏறிப் போனதும் மாமா ஓரம் கட்டி, இறங்கிக் குனிந்து பார்த்தார். அச்சைச் சுற்றி ஒரு கற்றை, சைலன்சருக்கும் தரைத் தகட்டுக்கும் நடுவே இன்னொரு கற்றை. நான் கைவைக்கப் போனபோது தடுத்துவிட்டு, ஒரு குச்சியால் இழுத்துப் போட்டார். சைலன்சர் பக்கம் இருந்தவை நுனி கருகியிருந்தன.

டெல்டாவில் ஜீப்பின் சைலன்சரைப் பற்றிப் பேசும்போது முதலில் பேச வேண்டியது இதுதான். வைக்கோல் பற்றினால் வண்டியோடு நிற்காது, பக்கத்து வயலுக்கும் பரவும். எனவே சைலன்சருக்கு மேலே வைக்கோல் சிக்கிக்கொள்ளும் இடுக்கு இருக்கக் கூடாது. தேவையில்லாத கம்பியும் கிளாம்பும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. தரைத் தகட்டுக்குக் கீழே வெப்பம் தடுக்க ஒரு மறைப்புத் தகடு வைக்கலாம், ஆனால் அதற்குள் வைக்கோல் நுழைய முடியாதபடி முன்பக்கம் மூடியிருக்க வேண்டும். சிலர் குழாயின் மேல் வெப்பநாடா சுற்றுகிறார்கள். வயல் வண்டிக்கு அது ஆகாது. ஈரத்தையும் சேற்றையும் பிடித்துவைத்து உள்ளே குழாயை அரித்துவிடும்.

கும்பகோணத்தில் டிபன் முடித்து, வழியை விட்டுக் கிழக்கே கொஞ்சம் விலகி நரசிங்கம்பேட்டைக்குப் போனோம். 2022-இல் புவிசார் குறியீடு பெற்ற நாதஸ்வரம் செய்யும் ஊர். பழைய வீட்டு உத்திரங்களிலும் தூண்களிலும் கிடைக்கும், பல்லாண்டு காய்ந்த ஆச்சா மரத்தைக் கடைந்து செய்கிறார்கள். திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்காக ரங்கநாதன் ஆசாரி பாரி நாதஸ்வரத்தை உருவாக்கியதும் இங்கேதான். முந்தைய திமிரி நீளம் குறைவு, சுருதி அதிகம். பாரி நீளம் கூடியது, சுருதி இறங்கியது.

குழாயின் நீளமும் உள்வாயின் அகலமும் சத்தத்தைத் தீர்மானிப்பது ஜீப்பின் குழாய்க்கும் பொருந்தும். நான்கு சிலிண்டர் இன்ஜின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வெடிக்கிறது. நிமிடத்துக்கு 2400 சுற்று ஓடினால் நொடிக்கு 80 வெடிப்பு. காதைவிட நெஞ்சில் அதிகம் கேட்கும் அடிக்குரல் அது. பஞ்சு கீச்சுக்குரலை உறிஞ்சும், அடிக்குரலை விட்டுவிடும். அதை அடக்க வேண்டுமானால் சைலன்சருக்குள் இடம் வேண்டும். அறைக்கு அறை அலை மோதித் திரும்பி ஒன்றையொன்று அழிக்க வேண்டும். இன்ஜின் கொள்ளளவைப்போல் மூன்று நான்கு மடங்கு வயிறு சைலன்சருக்கு இருக்க வேண்டும் என்பது பட்டறைக் கணக்கு. மாமாவின் வண்டிக்கு ஆறு முதல் எட்டு லிட்டர். கடையில் பார்த்த குழாய்க்கு அந்த வயிறு இல்லை.

சத்தத்துக்குச் சட்டமும் இருக்கிறது. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120-ஆம் விதி சைலன்சர் கட்டாயம் என்கிறது. 112-ஆம் விதிப்படி, புகை தரையை நோக்கியோ வண்டியின் இடப்பக்கமாகவோ வெளியேறக் கூடாது. நம் ஊரில் இடப்பக்கம்தான் ஆட்கள் நடப்பதும் நிற்பதும். 113-ஆம் விதி, டீசல் போகும் லைனிலிருந்து குழாய் குறைந்தது 35 மில்லிமீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்கிறது. சத்தத்துக்கும் புகைக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில் 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் பத்தாயிரம் ரூபாய் வரை, முதல் தடவைக்கே மூன்று மாதம் வரை சிறையும் விதிக்கலாம். பழைய ஜீப்புக்கு இன்னொரு கவலையும் இருக்கிறது. பதினைந்து ஆண்டு முடிந்த சொந்த வண்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டியாக வேண்டும். அலறும் சைலன்சரோடு அங்கே போய் நிற்க முடியாது.

வலங்கைமான், நீடாமங்கலம் வழியாக மன்னார்குடி. 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து உப்பு அள்ளத் தொண்டர்களோடு நடந்தது இந்த வழியாகத்தான். மன்னார்குடியில் நாங்கள் தேடியவர் கிடைத்தார். திருச்சி பெல் ஆலையைச் சுற்றித் துவாக்குடியில் வளர்ந்த பட்டறைகளில் பாய்லர் குழாய் வெல்டிங் செய்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். விலையைப் பற்றிப் பேசும் முன்பே, "வண்டி எங்க அண்ணே நிக்கும்? வீட்லயா, கடலோரமா?" என்று கேட்டார். மாமா என்னைப் பார்த்தார். முடிவாகிவிட்டது.

எந்த இரும்பு என்பதில் அவருக்குத் தெளிவு இருந்தது. சாதா இரும்புக் குழாய் விலை குறைவு, எந்த ஊரிலும் ஒட்ட வைக்கலாம், ஆனால் சீக்கிரம் துருப்பிடிக்கும். அலுமினியம் பூசிய இரும்பு நன்றாகத் தாங்கும், ஆனால் வெல்டிங் வைத்த இடத்தில் பூச்சு போய்விடுவதால் துரு அங்கிருந்தே தொடங்கும். கம்பெனி கார்களில் வரும் 409 ஸ்டெயின்லெஸ்ஸில் குரோமியம் 11 சதவீதம் அளவில்தான், மேலே செந்துரு பூக்கும், உள்ளே நீடிக்கும். 304-இல் குரோமியம் 18, நிக்கல் 8. விலை அதிகம், கடற்காற்றை நன்றாகத் தாங்கும். ஆனால் சூட்டில் அதிகம் நீளும். இரண்டு மீட்டர் குழாய் 300 டிகிரி சூடேறினால் சாதா இரும்பு ஏழு மில்லிமீட்டர் நீளும், 304 பத்து மில்லிமீட்டர். சேஸிஸில் இறுக்கிப் பூட்டினால் எங்காவது விரிசல் விட்டே தீரும்.

அவர் சொன்ன ஏற்பாடு இது. மேனிஃபோல்டிலிருந்து இறங்கும் முன் பைப் இரண்டு மில்லிமீட்டர் கனத்தில் சாதா இரும்பு, ஏனென்றால் ஆட்டம் அதிகம் இருக்கும் இடம் அது, எந்தக் கிராமத்திலும் ஒட்டவைக்க முடிய வேண்டும். அதை அடுத்து ஒரு ஃபிளெக்ஸ் பைப், பழைய மவுண்டிங்கில் இன்ஜின் குலுங்குவதை அது வாங்கிக்கொள்ளும். பிறகு ஃபிளாஞ்ச் வைத்து, 304 தகட்டில் அறை பிரித்த சைலன்சரும் டெயில் பைப்பும். துருப்பிடிக்கும் முன் பைப்பை மட்டும் கழற்றி மாற்றிக்கொள்ளலாம். சைலன்சர் சேஸிஸ் சட்டங்களுக்கு நடுவே, அவற்றின் கீழ் விளிம்புக்கு மேலே. தொங்குவது ரப்பரில்.

வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். 304 குழாயின் இரண்டு முனையையும் காகிதத்தால் அடைத்து, ஒரு முனையில் சின்ன ட்யூப் சொருகி ஆர்கான் வாயுவை உள்ளே விட்டார். வெளியே மட்டும் வாயு இருந்தால் போதாது, உள்பக்கம் காற்றுப் பட்டு வெல்டிங் கருகிச் சொரசொரப்பாகிவிடும், துரு அங்கே பிடிக்கும் என்றார். தையல் விழுந்த இடம் வைக்கோல் நிறத்திலிருந்து இளநீலம் வரை மாறி அடங்கியது. மேனிஃபோல்டு ஸ்டட்களில் பித்தளை நட்டு போட்டார். இரும்பு நட்டு சூட்டில் இறுகிவிட்டால் அடுத்தமுறை கழற்றும்போது ஸ்டட் முறியும். டெயில் பைப்பின் வாய் பின் அச்சைத் தாண்டி வலப்பக்கம் வெளியே வந்தது. பாடிக்கு அடியிலேயே விட்டுவிட்டால் ஓடும்போது பின்பக்கக் காற்றுச் சுழலில் புகை கேன்வாஸுக்குள் ஏறும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தாழ்ந்த முனையில், தஞ்சாவூர் மேஸ்திரி சொன்ன மூன்று மில்லிமீட்டர் ஓட்டையும் மறக்காமல் போட்டார்.

ஸ்டார்ட் செய்ததும் பட்டறைக்குள் பேசியது காதில் விழுந்தது. ஐந்து நிமிடம் ஓடவிட்டு, மூட்டுக்கு மூட்டு கையைச் சற்றுத் தள்ளி வைத்துக் கசிவு இருக்கிறதா என்று பார்த்தார். சூடு தணிந்த பிறகு எல்லா நட்டையும் மறுபடி இறுக்கினார்.

திருத்துறைப்பூண்டி தாண்டியதும் நெல்வயல் குறைந்து நிலம் வெளுக்கத் தொடங்குகிறது. வேதாரண்யத்தில் பாத்தி பாத்தியாக உப்பளம், ஓரத்தில் கீற்று போர்த்திய உப்புக் குவியல். லாரிகள் போகும் ரோட்டில் உப்புத் தூள் படிந்திருந்தது. கடற்காற்றும் அதுவும் சேர்ந்தால் 304-இலும் புள்ளி விழும். அங்கே வண்டி வைத்திருக்கும் ஒருவர் சொன்னது எளிய வைத்தியம். வாரத்துக்கு ஒருமுறை நல்ல தண்ணீரை அடியில் பீய்ச்ச வேண்டும், சைலன்சர் ஆறிய பிறகு.

கோடியக்கரை 1967-இல் சரணாலயமானது, 2002-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. காட்டோர ரோட்டில் வெளிமான் கூட்டம் ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது. மாமா வேகத்தைக் குறைத்து இரண்டாவது கியரில் கடந்தார். ஒன்றிரண்டு தலை தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி புல்லுக்குக் குனிந்தன.

பழைய ஜீப் வைத்திருப்பவர்களுக்கு, முக்கியமாக டெல்டாக்காரர்களுக்கு, இந்த வழியில் கேட்டதையெல்லாம் கூட்டிச் சொல்வது இதுதான். சைலன்சரை அதன் சத்தம் கேட்டு வாங்காதீர்கள். வண்டி தண்ணீரில் இறங்குமா, வைக்கோலில் போகுமா, உப்புக்காற்றில் நிற்குமா, தினமும் எவ்வளவு தூரம் ஓடும் என்ற நான்கையும் பட்டறைக்காரரிடம் முதலில் சொல்லுங்கள். வயல் வண்டியென்றால் அறை பிரித்த சைலன்சர், இரண்டு அங்குலத்துக்கு மிகாத குழாய், ரப்பர் தொங்கல், பின் அச்சைத் தாண்டி வலப்பக்க வாய். பணம் குறைவென்றால் முழுவதையும் சாதா இரும்பிலேயே செய்துகொண்டு சில ஆண்டுக்கு ஒருமுறை மாற்றலாம், தவறில்லை. கடலோரமென்றால் 304-க்குச் செலவு செய்யலாம். அறுவடைக் காலத்தில் மட்டும், எந்தச் சைலன்சராக இருந்தாலும், வைக்கோல்மேல் ஏறி இறங்கிய ஒவ்வொரு முறையும் வண்டியை நிறுத்திக் குனிந்து பாருங்கள்.